எதிர்ப்பக்கத்துப் பலகை

அந்த ஷெல்ஃபை நான் அடித்ததற்குக் காரணம் என் கால்கள்தான், வேறு ஒரு புண்ணியமும் இல்லை. ஒன்பதாவதோடு படிப்பை விட்ட வருஷம் அவை வளர ஆரம்பித்தன, அப்புறம் நிறுத்தவே இல்லை. எங்கள் பெட்டி வளரவில்லை. பெட்டி என்றால் டிராக்டருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற, இரண்டே சக்கரம் வைத்த தகர வீடு. ராட்டினக்காரர்கள், பலூன் சுடுகிறவர்கள், வளையல்கடைக்காரர்கள் என்று திருவிழா திருவிழாவாகப் போகிற எங்கள் கூட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு பெட்டி உண்டு. அதற்குள்ளேயே சமைப்போம், அதற்குள்ளேயே சண்டை போடுவோம், பிறப்பதும் அதற்குள்ளேதான். நான் பிறந்தது குளித்தலைக்கும் முசிறிக்கும் நடுவே காவிரிப் பாலத்தின்மேல் பெட்டி போய்க்கொண்டிருந்தபோது என்பதால், எனக்கு எந்தக் கரை சொந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது.

பெட்டியின் தரையில் அரிசி டிரம், கேஸ் அடுப்பு, சிலிண்டர், கிரீஸ் டப்பா, அப்பாவின் ஸ்பேனர் மூட்டை, சின்ன ராட்டினத் தொட்டிகளுக்கு முன்னால் மாட்டுகிற குதிரைத் தலைகள், மழைக்குப் போர்த்துகிற தார்ப்பாய் எல்லாம் இருக்கும். இவற்றுக்கெல்லாம் போக மிஞ்சிய சந்தில் நான். அப்பாவும் அம்மாவும் பெட்டிக்கு அடியில் படுப்பார்கள், மழை வந்தால் உள்ளே வந்து உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். நான் கதவைத் திறந்து வைத்து, முழங்காலுக்குக் கீழே இருக்கிறதை வெளியே நீட்டிக்கொண்டு படுப்பேன். நாய்கள் மோந்து பார்க்கும். ஒரு ஊரில் பால்காரர் ஒருவர் என் காலில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் பால் ஊற்றப் போனார். எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. காலை நீட்டிப் படுக்கவேண்டும், உள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு. அவ்வளவுதான்.

பெரிய ராட்டினத்துக்குச் சொந்தக்காரர் தங்கராசு மாமா. கூட்டம் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று முடிவு பண்ணுவதும் அவர்தான். அவர் டிக்கெட் கூண்டை மாற்றியபோது பழைய பிளைவுட்டை ஓரமாக எறிந்திருந்தார். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"அடுப்புக்கா?"

"ஷெல்ஃபுக்கு."

"நீ ஆணி அடிச்சு நான் பாக்கணுமாக்கும்."

"ஆணி இல்ல மாமா, ஸ்க்ரூ. ஆணி ரோட்டுக் குலுக்கல்ல புடுங்கிக்கும்."

"வாயி மட்டும் ஸ்க்ரூ போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லி டிரில் மிஷினையும் கொடுத்தார்.

வெறும் தகரத்தில் ஸ்க்ரூ போட்டால் ஒரு ஊர்கூடத் தாங்காது. தகரத்துக்குப் பின்னால் இருக்கிற இரும்புச் சட்டத்தில்தான் பிடிக்கவேண்டும். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால் டங் டங் என்று வருகிற சத்தம் ஓரிடத்தில் டொக்கென்று மாறும், அங்கே சாக்பீஸால் கோடு போட்டேன். மட்டம் பார்க்கவில்லை, ஏனென்றால் நாங்கள் நிற்கிற எந்த மைதானமும் மட்டமில்லை. பெட்டியின் தரையிலிருந்து கயிறு பிடித்துத்தான் அளந்தேன். சுவர் மேலே போகப்போக உள்ளே வளைகிறது. அதனால் அட்டையை வெட்டி வைத்துப் பார்த்து, இடித்தால் மறுபடி வெட்டி, சரியாக உட்கார்ந்த அட்டையைப் பலகைமேல் வைத்து அறுத்தேன். கீழே தாங்குவதற்கு எல் ஆங்கிள் இரும்பு, முன் ஓரத்தில் சாமான் உருளாமல் இருக்க ஒரு ரீப்பர் கட்டை, அதற்குமேல் இழுத்துக் கட்ட சைக்கிள் டியூப் வார். இடது சுவர் முழுக்க ஒரே நீளமாக நின்றது. எனக்கே பிடித்திருந்தது.

அப்பா வந்து பார்த்தார். அப்பாவின் பெயர் மாரப்பன், சின்ன ராட்டினம் அவருடையது. நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

"ஒரு பக்கமா அடிச்சிருக்க. எதிர்ப்பக்கம் யாரு?"

இதை விளக்கவேண்டும். ராட்டினத்தில் ஒரு தொட்டியில் ஆள் ஏறினால் அதற்கு நேர் எதிர்த் தொட்டியிலும் ஆள் ஏறவேண்டும், இல்லாவிட்டால் அச்சு ஒருபக்கம் இழுத்துத் தேய்ந்துவிடும். அதனால் சுற்றுவதற்கு முன்னால் ஓட்டுகிறவர் "எதிர்ப்பக்கம் யாரு?" என்று சத்தமாகக் கேட்பார், அங்கே உட்கார்ந்திருக்கிற ஆள் "நான்" என்று சொல்லவேண்டும், சொல்லிவிட்டால் ராட்டினம் நிற்கிறவரை இறங்கக்கூடாது. கூட்டமில்லாத நேரத்தில் ஒற்றை ஆள் டிக்கெட் வாங்கினால் எதிர்த் தொட்டிக்கு ஆள் இருக்காது. அதற்குத்தான் நான். பால்குடி மறந்த நாளிலிருந்து நான் எதிர்ப்பக்கத்து ஆள். புது மாப்பிள்ளைகள், குடிகாரர்கள், போன் பேசிக்கொண்டே ஏறுகிற போலீஸ்காரர்கள் எல்லாருக்கும் எதிரே உட்கார்ந்து, அவர்கள் கத்தும்போது கத்தாமல், மேலே போய்க் கீழே வந்து மேலே போய்க் கீழே வந்து வளர்ந்தேன். பள்ளிக்கூடம் போகாத நாட்களெல்லாம் அப்படிப் போன நாட்கள்தான். பள்ளிக்குப் போன நாட்களிலும் படிப்பு ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வலது சுவரில், சக்கர மேட்டுக்கு மேலே, மிச்சப் பலகையை வைத்து எனக்கு ஒரு படுக்கை அடித்திருந்தேன். அதில் ஏறி, காலை முழுசாக நீட்டிப் படுத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னேன்:

"நான்."

எங்கள் தொழிலில் அதைச் சும்மா சொல்லக்கூடாது. நான் சும்மா சொன்னேன்.

அன்று தரையில் இருந்ததையெல்லாம் ஷெல்ஃபில் ஏற்றினோம். டிரம் ஏறியது, மூட்டை ஏறியது, தார்ப்பாய் ஏறியது, குதிரைத் தலைகள் எட்டும் ஏறின, அதற்குப் பிறகும் ஷெல்ஃபில் பாதி காலியாகவே இருந்தது. வேண்டியதை நினைத்துக் கையை விட்டால் அது கைக்கு வந்தது. நன்றாக அறுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை வந்தபோது வளையல்கடைக் குஞ்சம்மா அத்தை அட்டைப்பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து, "ஜமுனா, ஒரே ஒரு ராத்திரிடி" என்றாள். வைத்தாள். வைக்க வைக்க இடம் இருந்தது. கடை முழுக்க உள்ளே போனபிறகு ஷெல்ஃபைப் பார்த்து, கறக்கிற மாட்டைச் சொல்வதுபோல, "நல்ல ஷெல்ஃபு" என்று சொன்னாள். காலையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது. கறந்தால் கறக்கட்டும், செம்பைக் கொண்டு வா என்கிற ஜனம்.

கொண்டுவந்தார்கள். பலூன் சுடுகிற சம்சுதீன் பாய் துப்பாக்கிகளையும் பலகையையும் கொண்டுவந்தார், அப்பளக்காரர்கள் வாணலியைக் கொண்டுவந்தார்கள், இன்னொருவர் எண்ணெய் டின்னை வைத்துவிட்டுப் போக, சாமி படத்துக்குப் பக்கத்தில் எவன் செருப்பை வைத்தது என்று ஒரு சண்டை வந்து, செருப்புக்கு ஒரு மூலை, சாமிக்கு ஒரு மூலை, சைவச் சட்டிக்கு ஒரு பக்கம், கறிச்சட்டிக்கு ஒரு பக்கம் என்று பேசி முடித்து, அந்தப் பேச்சும் பழையதாகி, கல்யாணப் பேச்சில்கூட "ஜமுனா ஷெல்ஃபுல பொண்ணு வீட்டுக்கு எவ்வளவு எடம்?" என்று கேட்கிற அளவுக்கு அது எங்கள் கூட்டத்துக்குக் கிணறு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் தங்கராசு மாமா பெரிய ராட்டினத்துத் தொட்டிகளையும் ஜெனரேட்டரையும் ஏற்றிப் பார்த்தார். ஏறின. சாமான் ஏற்றுகிற வாடகை லாரி இனி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

டிராக்டர் பெட்டியை எப்போதும்போலத்தான் இழுத்தது. டயர்கூட அமுங்கவில்லை. கனமெல்லாம் எங்கே போகிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

முதலில் அரிசி டிரம் அளவுக்குத்தான் இருந்தது. படுத்தால் யாரோ இடுப்பில் உட்கார்ந்த மாதிரி. வளையல் பெட்டிகள் நெஞ்சில் சிலிர்சிலிர் என்று கனத்தன. வாணலி வயிற்றில். ஒவ்வொன்றும் வைக்கிற நேரத்தில் தெரியும், யாருடையது என்றுகூடச் சொல்வேன். ஒரு நாள் பாய் ஒரு கட்டிலை மடக்கிக் கொண்டுவந்து வைத்தார், அவர் பீவி இறந்தபிறகு அவர் படுக்காத நைலான் கட்டில். அது ஜெனரேட்டரைவிடக் கனம். பாயிடமே சொன்னேன்.

"இருக்கும்மா" என்றார். எடுத்துக்கொள்ளவில்லை.

என் படுக்கைப் பலகையைவிட்டு எழுந்தால் பெட்டி இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. முதலில் கொஞ்சம். அப்பா ஒரு கல் வைத்தார். அப்புறம் ஜாக்கி வைத்தார். அப்புறம் எழுந்திருக்க நினைத்தாலே தகரம் முனகியது, உள்ளே வளையல்கள் நடுங்குகிற சத்தம் கேட்டது, வெளியே இருந்து "அடியே ஜமுனா, அசையாதடி!" என்று அத்தை கத்தினாள். நான் வெளியே போவது குறைந்தது. சாப்பாட்டை அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா அதிகம் பேசமாட்டாள். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துவிட்டு, என் கணுக்காலைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுப் போவாள்.

காலை நீட்ட இடம் கிடைத்துவிட்டது. மடக்கத்தான் முடியவில்லை.

கூட்டம் என்னைக் கவனிக்காமல் இல்லை. அதுவும் சொல்லவேண்டும். ஒரு ஊரில் நர்சம்மாவைக் கூட்டிவந்தார்கள், அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்து ரத்தம் கம்மி என்று மாத்திரை கொடுத்தார். ஆட்டு ஈரல் வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, யாரோ எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். வருகிறவர்கள் எல்லாரும் தலைமாட்டில் உட்கார்ந்து பேசுவார்கள்.

"ரொம்பக் கனக்குதா கண்ணு?" குஞ்சம்மா அத்தை கேட்பாள்.

"கனக்குது."

"பழகிரும்டி. எனக்கும் கல்யாணமான புதுசுல அப்படித்தான் இருந்துச்சு."

"அத்தே, உங்க பெட்டி எல்லாத்தையும் எடுத்துக்குங்களேன்."

"எடுத்துக்குறேன். நானா மாட்டேங்குறேன்? மொதல்ல அந்த ஜெனரேட்டர எடுக்கச் சொல்லு. ஒரு கைப்பிடி வளையலா உன்னை அமுக்குது?" என்பாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்பாள். போகும்போது இட்லிப் பானையை ஷெல்ஃபில் வைத்துவிட்டுப் போவாள்.

தங்கராசு மாமாவிடம் கேட்டால், லாரியை அனுப்பிவிட்டேனே, இனி ஜெனரேட்டரைத் தலையிலா தூக்குவது, சில்லறைச் சாமான்களை எல்லாரும் எடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அப்பளக்காரர்கள் பாய் எடுத்தால் எடுப்பதாகச் சொன்னார்கள். பாய் கட்டில் வைத்த பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் எடுக்கத் தயாராக இருந்தார்கள். முதலில் எடுக்கத்தான் ஒருவரும் இல்லை.

அப்பா ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் உள்ளே வந்து, "கொஞ்சம் நவுரு, நான் படுக்குறேன்" என்றார். நான் ஓரமாக உருண்டேன், அவர் பக்கத்தில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "நான்" என்று சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. என்மேல் இருந்த கனம் என்மேலேயே இருந்தது. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார். பிறகு எழுந்து கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "வாய விட்டுட்டியே புள்ள, ராட்டினம் நிக்காம எறங்கமுடியுமா?" என்றார்.

"இது ராட்டினம் இல்லப்பா. இது ஷெல்ஃபு."

"நம்ம கையில எல்லாம் ராட்டினந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. அந்த வருஷம் எங்களில் எல்லாருக்குமே எதிலோ ஒரு அலுப்பு, என் ஷெல்ஃபில் சாமானை இறக்கி வைத்தவர்களுக்கும்கூட. அவர்கள் எல்லாம் லேசாக நடந்தார்கள், ஆனாலும் எதையோ தேடுகிறவர்கள் மாதிரி நடந்தார்கள்.

பங்குனித் திருவிழா முடிந்து அடுத்த ஊருக்குக் கிளம்புகிற காலை. மைதானம் பூராவும் கரும்புச் சக்கையும் கிழிந்த பலூனுமாகக் கிடந்தது. எல்லாரும் கழற்றி முடித்து, எல்லாவற்றையும் எங்கள் பெட்டிக்குள் ஏற்றி முடித்திருந்தார்கள், பெரிய ராட்டினத்தின் அச்சு மட்டும் பாக்கி. அதை எப்போதும் மாட்டுவண்டி வாடகைக்குப் பிடித்துத் தனியாகத்தான் கொண்டுபோவார்கள். தங்கராசு மாமா அதை நீவிப் பார்த்தார், எங்கள் பெட்டியின் கதவைப் பார்த்தார், பிறகு ஆட்களைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு ஐலேசா ஐலேசா என்று வந்தார்கள். நான் பலகையில் படுத்துக்கொண்டு கதவு வழியாகப் பார்த்தேன். அச்சின் முனை உள்ளே வருகிறது. இதோடு பார்த்தால் இதுவரை ஏறியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இது ஏறினால் நான் படுத்திருக்கிற இடத்திலேயே படுத்திருப்பேன், எத்தனை ஊர் போனாலும்.

"மாமா, வேணாம்" என்றேன். குழறித்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டு நாக்கு தடித்திருந்தது.

"இந்த ஒண்ணு மட்டும்தாம்மா. அடுத்த ஊர்ல மொத வேலையா எல்லாத்தையும் எறக்கிருவோம்."

"ஆமாடி ஜமுனா, அடுத்த ஊர்ல" என்றாள் குஞ்சம்மா அத்தை.

அப்போதுதான் அம்மா வந்தாள். அச்சைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களின் தோள்களுக்கு நடுவே புகுந்து கதவில் வந்து நின்றாள். ரஞ்சிதம் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிற என் அம்மா, அடுப்பை அணைக்கச் சொல்கிற குரலில் சொன்னாள்:

"ஜமுனா, எந்திரிடி."

"அக்கா, என்ன பேசுறீங்க?" அச்சுக்கு அடியிலிருந்து ஒருவன் கத்தினான். "அவ எந்திரிச்சா வண்டி சாஞ்சிரும்!"

"சாயட்டும்."

"சாமானெல்லாம் போயிரும் ரஞ்சிதம்!" இது அப்பா.

"போகட்டும்" என்றாள். யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "ராட்டினம் நின்னுருச்சு. நான் சொல்றேன். எறங்கு."

அதைச் சொல்கிற உரிமை ஓட்டுகிறவருக்குத்தான் உண்டு. அம்மா ஒருநாளும் ராட்டினம் ஓட்டினவள் இல்லை. ஆனால் சொன்னாள், எனக்குக் கேட்டது.

எழுந்திருக்க முடியவில்லை. உருண்டேன். பலகையின் ஓரத்திலிருந்து தரைக்கு, தரையிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து அம்மாவின் கைக்கு, அங்கிருந்து புல்லுக்கு. அச்சைத் தூக்கியிருந்தவர்கள் பின்வாங்க, எனக்குப் பின்னால் பெட்டி, களைத்த மாடு படுப்பதுபோல, அவசரமில்லாமல், ஒரு பெருமூச்சோடு இடது பக்கமாகப் படுத்தது. அதற்குப் பிறகு கதவு வழியாக எல்லாம் வரத் தொடங்கின. கடைசியாக வைத்தது முதலில் வந்தது, அதுதான் சாமான் ஏற்றி இறக்குவதில் எங்கள் சட்டம். தொட்டிகள் வந்தன, ஜெனரேட்டர் வந்தது, இட்லிப் பானை உருண்டு வந்தது, வாணலிகள், எண்ணெய் டின்கள், துப்பாக்கிகள், யாரும் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளாத ஒற்றைச் செருப்புகள், ஊர் ஊராக மறந்துபோன குடங்கள், குதிரைத் தலைகள், பிறகு வளையல்கள், வளையல்கள், சூரியன் மேலே ஏறுகிறவரை வளையல்கள். ஒன்றும் உடையவில்லை. மைதானம் நிறைந்து, பக்கத்துக் கரும்புக்காட்டு வரப்புவரை போனது.

முதலில் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். பிறகு அம்மாவைத் திட்டினார்கள். பிறகு தங்கள் சாமானைத் தேட வேண்டியிருந்ததால் திட்டுவதற்கு நேரமில்லாமல் போனது. அடுத்த ஊர்த் திருவிழாவுக்கு நாங்கள் போய்ச் சேரமுடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாமா லாரிக்காரனுக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். பாய் தன் கட்டிலைக் கண்டுபிடித்து, விரித்து, நாலு காலும் ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்து, வெயிலிலேயே அதில் படுத்துக்கொண்டு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

நான் விழுந்த இடத்திலேயே மல்லாந்து கிடந்தேன். என்மேல் எதுவும் இல்லை. சட்டைகூட இல்லாத மாதிரி இருந்தது. புல் குத்தியது. காலை மடக்கிப் பார்த்தேன், மடங்கியது. நீட்டிப் பார்த்தேன். நீட்டியபடியே விட்டுவிட்டேன்.

எல்லார் கையிலும் ஏதாவது இருந்தது. அம்மா கையில் மட்டும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாசத்தில் என்மேல் ஏறிய ஒவ்வொன்றும் யாருடையது என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அம்மாவினுடையது என்று ஒரு டம்ளர்கூடக் கனத்ததில்லை.

அவள் வந்து என் தலைமாட்டில், வெயில் என் முகத்தில் விழாதபடி உட்கார்ந்தாள். எனக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. குஞ்சம்மா அத்தை மோவாய்வரை அட்டைப்பெட்டிகளை அடுக்கிச் சுமந்துகொண்டு வருகிறது பாதிக் கண்ணில் தெரிந்தது. நான் கிடந்தது நட்டநடுப் பாதையில்.

"நல்லா படுத்தா பாரு மகராசி. ஏய், காலை எடுடி, எப்படிப் போறது?" என்றாள் அத்தை.

"சுத்திப் போங்க அண்ணி" என்றாள் அம்மா.

அத்தை அட்டைப்பெட்டிகளை மோவாயால் அழுத்திப் பிடித்தாள். பெட்டிகளுக்குள் வளையல்கள் அசைந்தன. பிறகு முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போனாள். அவளுக்குப் பின்னால் வாணலி வைத்திருந்தவர்கள் சுற்றிப் போனார்கள், அவர்களுக்குப் பின்னால் தொட்டி தூக்கியவர்கள், எல்லாருக்கும் பின்னால் அச்சைத் தோளில் வைத்துக்கொண்டு மாமாவும் அப்பாவும் மற்றவர்களும், மூச்சு வாங்கிக்கொண்டு, என் காலுக்கு அந்தப் பக்கமாக ஒரு பெரிய வளைவு வளைந்து போனார்கள்.